ஆண்டறிக்கை: இரவில் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

கிராம அபிவிருத்திச் சங்க அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வாய்க்கால் துப்புரவும் முன்பள்ளிக் கூரையும் முடிந்துவிட்டன, நீங்களே பார்த்தீர்கள். அதனால் இந்த முறை அறிக்கை முழுவதும் ஒரே விஷயம்தான்: துணையில்லாமல் வாழ ஏலாதவர்களுக்கு எங்கள் ஊரில் எப்படியான வீடு வேண்டும் என்று நாங்கள் எடுத்த கணக்கு.

முதல் தடவை பிழையாகக் கேட்டுவிட்டோம். படிவத்தில் ‘வீடு உண்டா, இல்லையா’ என்றுதான் இருந்தது. அது போர் முடிந்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பித் தகரக் கொட்டிலில் கிடந்த காலத்துக் கேள்வி. அதற்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாக எடுத்து, மிச்சத்துக்குக் கடன்பட்டு, ஊரில் அனேகமானோர் கல்வீடு கட்டிவிட்டார்கள். எல்லாப் படிவத்திலும் ‘உண்டு’ என்றே வந்தது. சரி, பிரச்சினை இல்லை என்று கோப்பை மூடப் போன நேரத்தில்தான் மாதர் சங்கத்து அக்கா ஒருவர், “இரவில விழுந்தா ஆரைக் கூப்பிடுவீங்கள் எண்டு ஆரையும் கேட்டனீங்களோ?” என்றார்.

கேட்கவில்லை. திரும்பவும் வீடு வீடாகப் போனோம்.

குளக்கட்டுப் பக்கம் ஒரு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர். 2009இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, மகனுக்கு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். கட்டிலடியில் பாயைப் போட்டு, அலாரம் வைத்த மணிக்கூட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். மலசலகூடம் வளவின் பின்பக்கம். இடையில் மணல், சக்கர நாற்காலியின் சில்லு புதைகிறது. வாசல் படி ஒன்றரை அடி உயரம். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் 18 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும், அங்கே இருப்பது சரித்து வைத்த இரண்டு பலகை. அம்மா எங்களிடம் காசு கேட்கவில்லை. ஒரு இரவு முழுக்க நித்திரை கொள்ள யாராவது மாறி நிற்பீர்களா என்றுதான் கேட்டார்.

இப்படி இன்னும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், தனியே இருக்கும் முதியவர்கள். மனநோய்க்கான மருந்தை எடுத்துக்கொடுக்க ஆளில்லாதவர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்த நேரம், எந்த வீட்டில் யார் நடக்க ஏலாமல் இருக்கிறார் என்று தெரியாமல் இருட்டில் தேடினோமே, அந்தப் பட்டியல் இப்போதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டால் அனேகமாக எல்லோரும் தலையாட்டி மறுக்கிறார்கள். கோயில் மணி கேட்கிற தூரத்திலேயே இருக்க வேண்டுமாம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆகவே பொதுக்காணியில் சில சிறு வீடுகள், படியில்லாத வாசல், சக்கர நாற்காலி நுழைகிற அகலக் கதவு, உள்ளேயே மலசலகூடம், அதோடு சம்பளத்துக்கு இரவும் பகலும் மாறி நிற்கும் பராமரிப்பாளர் என்று கோரிக்கை எழுதி, விதானையார் (கிராம அலுவலர்) மூலமாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். பராமரிப்பாளரை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் தந்தால் வாங்கக் கூடாது என்று நிர்வாகசபை தீர்மானித்திருக்கிறது, பொதுக்கூட்டமும் இதை ஏற்க வேண்டும்.

அதுவரைக்கும் அந்த அம்மா வீட்டில் இரவு முறைக்கு ஆட்கள் தேவை, பெயரை இன்றே தாருங்கள். சாய்தளத்துக்குச் சனிக்கிழமை சிரமதானம். மண்வெட்டி உள்ளவர்கள் காலை 7 மணிக்கு வாருங்கள்.

செயலாளர்