மூன்று அதிகாரிகளின் வேலை போன கதை

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கல்லூரி முடித்துவிட்டாள். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது என்றாலும், எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை மட்டும் நீ பார்த்தபடியேதான் நிற்கிறது.

பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். ராணுவத்திடமிருந்து தலைமைப் பண்பு கற்பதாம். வந்தவர் இந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு மதியச் சாப்பாடு வரை பேசினார். திரையில் சிங்கம், அப்புறம் கழுகு. நடுவில், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானோடு நடந்த சண்டையைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வியாசர்பாடியில் பர்மாக்காரக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி காட்டு வழியே நடந்து வந்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்போம்! அந்த ஒரு வரியோடு விட மனம் வரவில்லை. தேடிப் படித்தேன்.

1943 அக்டோபரில் வில்லியம் ஸ்லிம் என்ற பிரிட்டிஷ் தளபதி அங்கே 14ஆவது ராணுவத்துக்குப் பொறுப்பேற்கிறார். அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஜப்பான்காரனைவிட மலேரியாதான் அவர்களை அதிகம் சாய்த்தது. அந்த வருஷம் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் ஒருவன் என்றால், நோயில் படுத்தவர்கள் 120 பேர். மெபாக்ரின் என்று மாத்திரை இருந்தது. ஆனால் அதைத் தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. யார் விழுங்குவான்? ஸ்லிம் சிப்பாயைப் பிடித்துத் திட்டவில்லை. திடீரென்று ஒரு பிரிவில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னார். 95 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் மாத்திரை எடுத்திருந்தால், அந்தப் பிரிவின் கமாண்டிங் ஆபீசருக்கு வேலை போச்சு. மூன்று பேரைத்தான் அப்படி அனுப்ப வேண்டியிருந்ததாம். மற்றவர்களுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு யார்டு வேறு மாதிரி தெரிகிறது. ஹெல்மெட் இல்லாமல் ஒருவன் கன்டெய்னர் தூக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டிப் பக்கம் போனால் அவன் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். ஷிப்ட் இன்சார்ஜை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஹெல்மெட்டின் பட்டை அறுந்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்பதில்லை. ஸ்லிம் இங்கே வந்தால் முதலில் வேலை போவது இன்சார்ஜுக்குத்தான். நானும் ஒரு இன்சார்ஜ்தான், அதனால் கொஞ்சம் உதறலோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறார். முன்னால் இருக்கும் ஏதாவது ஒரு பிரிவுக்குச் சாப்பாடு பாதியாகக் குறைந்தால், தன் தலைமையகத்துக்கும் பாதிதான். நீ இதை நாடகம் என்பாய். இருக்கட்டும். சப்ளை பார்க்கிற இளவட்ட ஆபீசர்களுக்கு வயிறு காய்ந்தால் லாரி தன்னால் கிளம்பும். எங்கள் யார்டில் பதினோரு மணிக்கே தண்ணீர் கேன் காலி, ஏசி அறையில் மட்டும் அது தீர்ந்ததே இல்லை. அறைக்குள்ளும் ஒரு நாள் தீர்ந்து பார்க்கட்டும்.

மானெக்‌ஷா கதையும் வகுப்பில் வந்தது, வராமல் இருக்குமா? 1971இல் ராணுவத் தளபதி அவர். அந்த ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தியிடம், இப்போது படையெடுக்க முடியாது, மழை வந்தால் கிழக்கு வங்காளத்து ஆறுகள் கடல் மாதிரி ஆகிவிடும் என்று சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் போர், 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைவு. பயிற்சியாளர் இதைத் துணிச்சல் என்று முடித்துக்கொண்டார். எனக்கு ஆச்சரியம் அதைக் காதுகொடுத்துக் கேட்ட இந்திரா மேல்தான். முடியாது என்றவரை அதே நாற்காலியில் விட்டுவைத்தாரே! எங்களிடம் ‘இத்தனை பெட்டியை இன்று ராத்திரிக்குள் எடுக்க முடியாது’ என்று சொன்னவன் அடுத்த வாரம் கேட்டில் உட்கார்ந்து பாஸ் எழுதிக்கொண்டிருப்பான்.

ஆனால் பட்டாளத்துப் பாடம் எல்லாம் இங்கே ஒட்டாது, சேகர். உனக்குப் பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது, செத்தால் ரெஜிமென்டிலிருந்து ஆள் வரும். எங்கள் பையன்கள் ஒப்பந்தக் கூலிகள். மணலியில் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவார்கள். போகட்டும், அதில் என்ன தப்பு? அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று அந்தக் கோட்டுக்காரர் சொன்னபோதுதான் எனக்கு எரிந்தது.

நீ சொல், உங்கள் ரெஜிமென்டில் நிஜமாகவே இப்படி நடந்ததா? ஜவான் தப்பு செய்தால் மேலே இருப்பவனைக் கேட்டார்களா? இல்லை, அங்கேயும் கீழே இருக்கிறவனை மூட்டையோடு மைதானம் சுற்ற விடுவதுதானா? மழுப்பாமல் எழுது.

ஜூன் 14ஆம் தேதியோடு மீன்பிடி தடைக்காலம் முடிகிறது. அதற்கப்புறம் இங்கே வந்துவிட்டுப் போ, காசிமேட்டில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கலாம். ராத்திரி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன்,
மாணிக்கம்