டிராகுலாவுக்கு ஏன் முதலிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் 'டிராகுலா'வுக்கு முதலிடம் தந்து வந்த 'தலைசிறந்த அமானுஷ்ய நாவல்கள்' தரவரிசையைப் படித்தேன். தொகுத்தவர் நாவல்களைப் படித்தாரா, படங்களைப் பார்த்தாரா என்ற ஐயம் எழுகிறது. வெயில் பட்டால் ரத்தம் குடிக்கும் காட்டேரியான டிராகுலா சாம்பலாகிவிடுவான் என்கிறார். பிராம் ஸ்டோக்கரின் நாவலில் (1897) அவன் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் அழியும் காட்டேரி 1922இல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படத்தில் வந்தது. நாவலில் டிராகுலாவின் கதையை முடிப்பவை இரண்டு கத்திகள்.

முதலிடமும் படங்கள் தந்த புகழால் கிடைத்ததுதான். முதல் நான்கு அத்தியாயங்கள் அபாரம், மறுக்கவில்லை. டிராகுலாவின் கோட்டையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் ஜோனதன் முகம் மழிக்கும்போது டிராகுலா பிரபு பின்னால் வந்து நிற்கிறான், கண்ணாடியில் உருவம் விழுவதில்லை. கதை இங்கிலாந்துக்கு வந்த பிறகோ அவனைக் காண்பதே அரிது. நாட்குறிப்பு, தந்தி, ஆலோசனைக் கூட்டம் என்று பக்கங்கள் நகர்கின்றன. டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் பேசத் தொடங்கினால் பேய்க்கே கொட்டாவி வரும்.

ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) நாவலுக்கே என் ஓட்டு. ஒரு காட்சி போதும். இருட்டில் எங்கோ ஒரு குழந்தை அழும் குரல். அந்தப் பேய் வீட்டில் தங்கியிருக்கும் எலினார் பயத்தில், பக்கத்தில் படுத்திருப்பதாக நினைக்கும் தோழி தியடோராவின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். பொறுக்க முடியாமல் கத்துகிறாள், விளக்கு எரிகிறது. தியடோரா எட்டாத தூரத்தில், தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கை? ஜாக்சன் பதில் சொல்வதில்லை. ரத்தமும் கோரைப்பல்லும் இல்லாமல் இந்த அளவுக்குக் குலைநடுங்க வைத்தவர்கள் குறைவு.

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) 'தெளிவில்லாத முடிவு' என்று கடைசிக்குப் போயிருக்கிறது. பேய்கள் உண்மையா, கதை சொல்லும் வீட்டு ஆசிரியையின் மனப்பிரமையா என்று நூறாண்டுக்கு மேலாக விமர்சகர்கள் சண்டையிடுகிறார்கள். குறையென்று தொகுத்தவர் சொல்வதுதான் அந்தக் கதையின் உயிர்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) மகத்தான நாவல்தான். ஆனால் அதில் பேயும் இல்லை, சாபமும் இல்லை. ஓர் இளைஞனின் விஞ்ஞான வெறி இருக்கிறது. இந்தப் பட்டியலில் அதற்கு என்ன வேலை? அந்த இடத்தை, டிராகுலாவுக்கு 25 ஆண்டுகள் முன்பே காட்டேரிப் பெண்ணைப் படைத்த ஷெரிடன் லே ஃபானுவின் 'கார்மில்லா'வுக்குக் கொடுங்கள். அதன் பெயரே உங்கள் பட்டியலில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி