உப்பளத்தில் என் பாகம்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் ஆண்டு நினைவுப் பூசைக்கு முன்பே இதை உங்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றிருந்தேன். உப்பளத்தில் என் பாகத்துக்கு வரும் லாபத்தை இனி நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மழையால் உப்பு வாரும் வேலை நின்றுபோகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது நம் அளத்துத் தொழிலாளர்களுக்கு அரைக்கூலியாகப் போகட்டும். உங்களுக்கு முன்னால் கணக்குப்பிள்ளையிடம் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களிடம் வந்திருந்தால் பேசியே என் மனத்தைக் கரைத்திருப்பீர்கள்; எப்போதும் அப்படித்தானே நடந்திருக்கிறது?

மாதாவின் குகைக் கோயிலான கெபியை மந்திரித்த நாள் உங்கள் நினைவில் வேறு விதமாக இருக்கலாம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். சலவைக்கல்லில் 'உபயம்' என்று நம் குடும்பப் பெயர் பளபளத்தது. கூட்டத்தின் ஓரத்தில் நம் அளத்துப் பெண் ஒருவர், ஊரார் வாசிப்பார்கள் என்பதால் பெயரை எழுதவில்லை, கூலிப் பாக்கியைக் கேட்க வந்துவிட்டுக் கேட்காமல் நின்றார். முந்தானையைப் பிடித்திருந்த விரல்களில் உப்பு அரித்த வெடிப்புகள். "திருவிழா முடியட்டும்மா" என்றீர்கள். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்.

பேசிய கூலிக்குச் சம்மதித்துத்தானே வருகிறார்கள், மழைக்காலத்துக்கு அரசும் 5,000 ரூபாய் தருகிறதே என்பீர்கள். வேறு வழியில்லாமலோ, இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தாலோ தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால், அவர் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளாகிறார் என்று போப் பதின்மூன்றாம் லியோ 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் எழுதிவிட்டார். 2025-இல் போப்பான பதினான்காம் லியோ அந்தப் பெயரைச் சூடியதற்கு அச்சுற்றுமடலே முக்கியக் காரணம் என்று அவரே சொன்னார். அவர் படத்தை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவர் நீங்கள்தான்.

வேலையாளின் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கி முறையிடும் பாவம் என்று, அண்ணன் காயின் கொன்ற ஆபேலின் இரத்தத்தோடு ஒரே வரிசையில் வைத்து, ஞானோபதேச வகுப்பில் இருவரும் சேர்ந்துதான் மனப்பாடம் செய்தோம்.

மாதச் சம்பளக்காரனுக்கு உபதேசம் எளிது என்ற உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மூழ்கி, நாம் குவித்துவைத்திருந்த உப்பு கரைந்தபோது, நான் சென்னையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். கடனைத் தனியாகச் சுமந்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அண்ணா, அந்த ஆண்டுகூட ஒன்பது நாள் செபமான நவநாளுக்கு நாம் தரும் உபயம் குறையவில்லை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபைக்குப் போகும் அரிசி மூட்டை குறையவில்லை. குறைந்தது கூலி ஒன்றுதான். தர்மத்தை நம் பெயரில் கொடுக்கலாம், ஊர் வாழ்த்தும். கூலி அவர்களுடையது, அதைக் கொடுப்பதில் நமக்கு எந்தப் புகழும் இல்லை என்பதுதான் உங்களுக்குக் கசக்கிறதோ? இதைப் பொதுவில் கேட்பது உங்களுக்கு வலிக்கும். வீட்டுக்குள் கேட்டபோதெல்லாம் அண்ணி காப்பி கொண்டுவர, பேச்சு மாறிவிட்டது.

உங்கள் பாகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம். கங்காணி கூட்டிவரும் பெண்களின் பெயர்கள் நம் பேரேட்டில் கிடையாது. அவர்களையும் பட்டியலில் சேர்க்கும்படி கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயர்களை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி