ஜார்ஜ்டவுனில் குடியிருப்பவர்களையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ்டவுன் பற்றி யார் எழுதினாலும் சுவரோவியம், சாப்பாடு, அதோடு சரி. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் ஒரே சாலையை ஒட்டி நிற்கின்றன, அப்புறம் பக்கத்துக் குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த நம்மவர்கள் இங்கே மூட்டை தூக்கினார்கள், மளிகைக் கடை வைத்தார்கள். கம்பின் இரு முனையிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்து விற்றதுதான் இன்று தட்டில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் என்ற சாப்பாடு.

2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும் தலைமுறையாகக் கடைவீட்டு மாடியில் இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு பழைய வீடுகள் வரிசையாக விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறுகின்றன. கட்டடத்தை இடிக்கச் சட்டம் விடாது, சரி, அதில் வாழ்கிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு? பூ கட்டுகிறவர், ஊதுபத்தி செய்கிறவர், மசாலா அரைக்கிறவர் எல்லாம் அங்கேயே இருக்க, கட்டுப்படியாகும் வாடகையில் மாநில அரசு வீடும் கடையும் ஒதுக்க வேண்டும்.

— வாசகர், பட்டர்வொர்த்