ஐ7 எண்ட பேருக்குக் காசு அனுப்பாதை

கோண்டாவில்
ஞாயிறு மத்தியானம்

மச்சான்,

எந்தக் கொம்பியூற்றர் வாங்கிறதெண்டு நீ கேட்டு மூண்டு கிழமையாச்சு. ஏசிறதை ஏசிப்போட்டு வாசி. இஞ்ச எல்லாரும் சுகம். மாஸ்ரருக்கு அதே சைக்கிள், அதே பெல். உங்கை பனி விட்டுதோ?

தங்கச்சியின்ர மகளுக்கு வாங்கக் கிடக்கிற கொம்பியூற்றரின்ர விளம்பரத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். "கோர் ஐ7, 16 ஜிபி, புத்தம் புதுசு." நாளைக்கே காசு போடப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். பொறடாப்பா. முருகன் எண்டு பேர் வைச்சவனெல்லாம் மயிலிலயே வாறான்? மூலையில சின்ன எழுத்தில 2600 எண்டு கிடக்கு, அதைப் பாத்தியே?

ஐ7, ஐ5, ஐ3 எல்லாம் இன்ரெல் கொம்பனி தன்ர சிபியுவுக்கு, அதாவது கொம்பியூற்றரின்ர மூளைக்கு, வைச்ச பேர். பேரில கோடு போட்டதுக்குப் பிறகு வாற இலக்கம்தான் அதின்ர சாதகக் குறிப்பு. மேசைக் கொம்பியூற்றரில நாலு இலக்கம் எண்டால் முதலாவதுதான் தலைமுறை, அஞ்சு இலக்கம் எண்டால் முதல் ரெண்டும். ஐ7-2600 ரெண்டாம் தலைமுறை, 2011 இல வந்த சாமான். ஐ5-8500 எட்டாவது, ஐ3-12100 பன்ரெண்டாவது. சிபியுவுக்குள்ள வேலை செய்யிற கோர்களில ஒண்டை மட்டும் எடுத்து ஓட்டிப் பாத்தால் அந்த ஐ3, உன்ர ஐ7 ஐப்போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகம். "ஐ3 எண்டால் குறைஞ்ச சாமான்" எண்டு இன்னும் சனம் நம்பிக்கொண்டிருக்கு, கடைக்காரருக்கு அது வாசி.

"புத்தம் புதுசு" எண்டதிலயும் ஒரு சுத்துமாத்து இருக்கு. கேசிங் புதுசு, பவர் சப்ளை புதுசு, எல்லாத்தையும் பூட்டிற பலகையான எச்61 மதர்போர்ட்டும் சீனாவில இப்ப அடிச்ச புது போர்ட்டாய் இருக்கலாம். சிபியு மட்டும் பழைய மெஷினில கழட்டினது. அந்த எச்61 இல டிஸ்க் பூட்டிற வாய் வேகமான சாட்டா 3 இல்லை, பழைய சாட்டா 2 தான். செக்கனுக்கு 550 எம்பி ஓடக்கூடிய எஸ்எஸ்டி எண்ட சுழலாத டிஸ்க்கைப் பூட்டினாலும் 280 க்குக் கிட்டத்தான் நிக்கும். ராம், அதாவது ஓடுற வேலையை வைச்சிருக்கிற நினைவகம், டிடிஆர்3 எண்ட பழைய ரகம், நாளைக்குப் புது மெஷினுக்கு மாத்தேலாது. ஐ7-2600 இன்ர கிறாபிக்ஸுக்கு யூரியூப் விபி9 எண்ட முறையில சுருக்கி அனுப்புற வீடியோவை விரிக்கத் தெரியாது. அந்தப் பாரமெல்லாம் சிபியுவின்ர தலையில. பிள்ளை ஒரு பக்கம் சூம் வகுப்பு, மற்றப் பக்கம் வீடியோ எண்டு திறந்தால் ஃபான் ஊளையிடும்.

இதைவிட வில்லங்கம் விண்டோஸ். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஓட ஆதரவை நிப்பாட்டிப்போட்டுது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்ரெல் எண்டால் எட்டாம் தலைமுறையும் ரிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதியும் வேணும். கடைக்காரர் அந்தக் கட்டுப்பாட்டைச் சுத்தி ஏத்திக் குடுப்பினம், பேந்து ஒரு பெரிய அப்டேற்றில மாட்டுப்பட்டால் தங்கச்சிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாய் அலையவேணும். அவள் கடைக்காரனோட வாய் குடுக்கிற ஆளும் இல்லை. உனக்கு உது பகிடியாய் இருக்கும், எனக்கு இல்லை.

சரி, என்னத்தை வாங்கிறது? வெளிநாட்டு ஒவ்வீசுகள் கழிச்சுவிட்ட ஐ5-8500 மெஷின், டெல்லோ எச்பியோ லெனோவோவோ. 6 கோர், 65 வாட், விபி9 உம் விரிக்கும், விண்டோஸ் 11 உம் ஏறும். கஸ்தூரியார் வீதியில கேள், இல்லாட்டி பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில எடுத்து அனுப்பச்சொல்லு. ரவர் கேசாய், நிமிந்த பெரிய பெட்டியாய், எடு. ஒல்லிப் பெட்டி வடிவுதான், ஆனால் கிறாபிக்ஸ் கார்ட் பூட்டிறதெண்டால் அரை உயரக் கார்ட் தேடவேணும், சப்ளை செத்தால் கடையில கிடக்கிற சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை உள்ளுக்குப் போகாது. ரவரிலயும் டெல், எச்பி பிளக்குகள் பல மொடலில வேற மாதிரி, ஆனால் இடம் இருக்கிறபடியால் மாத்து வயர் போட்டுச் சமாளிக்கலாம். இலக்கத்துக்குப் பின்னால "ரி" இருந்தால் அது 35 வாட் சிபியு, மெதுவானது, அதே விலைக்கு வாங்காதை.

என்100 எண்ட சின்ன இன்ரெல் சிபியு போட்ட உள்ளங்கைப் பெட்டியையும் கேட்டிருந்தாய். உது உன்ர ஐ7-2600 செய்யிற வேலையை ஏறத்தாழச் செய்யும். சிபியுவுக்கு 6 வாட், ஐ7 க்கு 95! கரண்ட் பில்லுக்கு நல்லது. ஆனால் ராமுக்குப் போய்வர ஒற்றைச் சனல், அதாவது ஒரே பாதை, பிறகு கூட்டவும் பெரிசாய் இடமில்லை. எழுத, படம் பாக்கக் காணும். பிள்ளை ஏஎல் எண்ட உயர்தரப் பரீட்சைக்கு ஐசிரி, அதாவது கொம்பியூற்றர் பாடம், எடுக்கிறாள், புரோகிராம் எழுதிற பைதனும் பிறவுசரும் வீடியோவும் ஒண்டாய் ஓடும், அவளுக்கு 8500 தான் தோது. புதுசே வேணுமெண்டு அடம்பிடிச்சால் ஐ3-12100. 12100 எஃப் மட்டும் வேண்டாம், கிறாபிக்ஸ் இல்லை, கார்ட் பூட்டாட்டி மொனிற்றர் இருட்டு.

ராம் 16 ஐ ஒரே துண்டாய் எடுக்காதை, 8 உம் 8 உம். ரெண்டு சனலிலயும் ஓடினால்தான் உள் கிறாபிக்ஸுக்கு மூச்சு வரும். எஸ்எஸ்டி 256 காணும். சாட்டா ரகமோ அதைவிட வேகமான என்விஎம்ஈ ரகமோ எண்டு மண்டையை உடைக்காதை, பழைய ஹாட்டிஸ்க் இல்லை எண்டாலே பாதி வெற்றி.

காசு குடுக்க முன்னம் தங்கச்சியை இதைச் செய்யச்சொல்லு. கொன்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டாய் அமத்த ராஸ்க் மனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில சிபியுவின்ர முழுப்பேர், ராமில எத்தினை சிலொட் நிரம்பியிருக்கு, டிஸ்க் எஸ்எஸ்டியோ எண்டு எல்லாம் தெரியும். மூண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ எண்ட மென்பொருளையும் ஓட்டி, டிஸ்க் எத்தினை மணித்தியாலம் ஓடியிருக்கெண்டு பாக்கட்டும்.

கொழும்பிலயிருந்து லொறியில வந்தால் உடன சுவிச்சைப் போடவேண்டாம். பக்கத்தைக் கழட்டி ராமை ரெண்டு கரையும் கிளிக் எண்டு கேக்க அமத்தவேணும். அப்பிடியும் மொனிற்றர் இருட்டெண்டால் ராமைக் கழட்டி, தங்க நிறப் பல்லை அழிறப்பரால மெல்லமாய்த் தேய்ச்சு, துகளை ஊதாமல் தூரிகையால தட்டிப் பூட்டினால் கனக்க மெஷின் எழும்பும். உரும்பிராய்ச் செம்மண் தூசி உனக்குத் தெரியும்தானே, மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் துடைக்கோணும். புளோவர் அடிக்கேக்க ஃபானை விரலால பிடிச்சுக்கொள்ளட்டும், சுழலவிட்டால் பெயரிங் போகக்கூடும்.

கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ் 650 விஏ காணும். பிறின்ரரை மட்டும் அதில குத்த வேண்டாம் எண்டு சொல்லு, லேசர் எண்டால் சூடேறேக்க இழுக்கிற இழுவையில யூபிஎஸ் கத்திக்கொண்டு விழும்.

அந்தக் கடைக்காரனுக்கு இண்டைக்கே வேண்டாமெண்டு சொல்லு. படங்கள் வந்த கையோட நான் உனக்கு ஃபோன் எடுக்கிறன்.

உன்ர
மச்சான்