அட்டையைக் கிழிக்காதீர்கள், கொடுத்துவிட்டுப் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மட்டைகளின் விலை, பயிற்சிக் கட்டணம், உடை ஒழுங்கு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஆசை ஆசையாக முதல் போட்டியில் இறங்கும் ஒருவர் அன்று மாலை எந்த மனநிலையில் வீடு திரும்புகிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதியவர்கள் இந்த விளையாட்டை விட்டு விலகுவது பெரும்பாலும் அந்த மாலையில்தான். ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் ராணுவச் செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். குன்னூரில் வசிக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் ராணுவ கோல்ஃப் மைதானங்களை வேலி ஓரமாகப் பார்த்ததோடு சரி. ஓய்வுக்குப் பிறகுதான் மட்டையைக் கையில் எடுத்தேன். உள்ளூர்ப் போட்டிகளில் புதியவர்கள் ஆடும் குழுவில் என்னைச் சேர்க்கும்படி நானே கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். அவர்களுக்கு மார்க்கராக இருப்பது எனக்குப் பிடித்த வேலை. மார்க்கர் என்பவர் சக ஆட்டக்காரரின் அடிகளை எண்ணி, அவருடைய ஸ்கோர் அட்டையில் எழுதிக் கையெழுத்திடுபவர்.

சென்ற ஆண்டு ஒரு மலை மைதானத்தில் நடந்த போட்டியில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு நான் மார்க்கர். அவருடைய ஹேண்டிகேப், அதாவது மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளத் தரும் சலுகை, 30. முதல் ஆறு குழிகளைத் தடுமாறாமல் கடந்தார். ஏழாவது குழி, மைதானத்திலேயே கடினமானவற்றில் ஒன்று, பார் 4; அதாவது தேர்ந்தவர் நான்கு அடியில் முடிக்க வேண்டியது. அவர் அடித்த பந்து வலப்புறம் வளைந்து முள்புதருக்குள் போய்விட்டது. மலையில் ஆடியவர்களுக்கு அந்தப் புதரைத் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் வந்த செடி. பூ என்னவோ மஞ்சளாக அழகாகத்தான் இருக்கும், கையை விட்டால் முழங்கை வரை கீறிவிடும். 2019-இல் திருத்திய விதிப்படி பந்தைத் தேட 3 நிமிடம்தான். முன்பு 5 நிமிடம் இருந்தது. பந்து கிடைக்கவில்லை. ஒரு தண்டனை அடியோடு பழைய இடத்துக்கே திரும்பி நடந்து, அடுத்த குழுவினர் இடுப்பில் கை வைத்துக் காத்திருக்க, மூன்றாவது அடியை அங்கிருந்தே மறுபடி அடித்தார். அதன் பிறகு இன்னும் மூன்று அடி அடித்ததில் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து வெளியே வர இரண்டு அடி. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில் பந்தை உருட்டும் அடி, அதாவது பட், மூன்று. எல்லாம் சேர்த்து அந்தக் குழியில் 11.

அட்டையில் 11 என்று நான் எழுதுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இனி என்ன மேடம், முடிந்தது" என்றார். அதே கையோடு அடுத்த குழியில் ஐந்தாம் எண் இரும்பு மட்டையால் அவர் அடித்த அடியைப் போல ஓர் அடியை அன்று முழுவதும் வேறு யாரும் அடிக்கவில்லை. பந்து கொடிக்கு அருகில் போய் நின்றது. பார் 4 குழியை நான்கே அடியில் முடித்தார். அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. அவர் மனம் முந்தைய குழியிலேயே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் நான் கூட்டிப் பார்த்து நீட்டிய அட்டையை வாங்கினார், நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார், பையைத் தூக்கிக்கொண்டு பரிசளிப்புக்கு முன்பே போய்விட்டார். அறிவிப்புப் பலகையில் அவர் பெயருக்கு எதிரே 'என்.ஆர்.' என்று எழுதினார்கள். அட்டை தரவில்லை என்று பொருள்.

அந்த அட்டையில் இருந்த மொத்தம் 112. ஹேண்டிகேப் 30-ஐக் கழித்தால் 82. பார் 72 உள்ள மைதானத்தில் இது பத்து அடி அதிகம். ஆனால் அதே ஆட்டத்தை, குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் கணக்கிட்டால் 29 புள்ளி வருகிறது. ஒருவர் தன் ஹேண்டிகேப் அளவுக்கு ஆடினால் வருவது 36 புள்ளி. முதல் போட்டியில் 29 என்பது மனம் உடைய வேண்டிய கணக்கே இல்லை. இதை அவரிடம் சொல்ல யாரும் இல்லை. எனக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை என்று கேள்வி.

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? புதியவருக்குத் திறமை போதாததால் வருவதில்லை. தவறான அளவுகோலைக் கையில் கொடுத்து அவரை அனுப்புவதால் வருகிறது. ஹேண்டிகேப் என்பது தன்னுடைய சராசரி என்றுதான் கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் நம்புகிறார்கள். 30 என்றால் வழக்கமாக 102 அடிப்பேன், இன்று 112 அடித்தேன், ஆகவே படுதோல்வி என்பது அவர்கள் கணக்கு. 2020 முதல் உலகின் பெரும்பாலான நாடுகளில் நடைமுறையில் இருக்கும் ஹேண்டிகேப் முறை அப்படிச் சொல்லவில்லை. கடைசி 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8 மட்டுமே கணக்கில் வரும்; மற்ற 12 வராது. நன்றாக ஆடும் நாளில் ஒருவரால் என்ன முடியும் என்பதற்கான அளவு அது. நல்ல அனுபவசாலிகளே நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் அந்த அளவைத் தொடுகிறார்கள்.

புதியவர் நிலைமை இன்னும் இறுக்கம். மூன்றே மூன்று அட்டைகளைக் கொடுத்து முதல் ஹேண்டிகேப் பெறுகிறவருக்கு, அந்த மூன்றில் மிக நல்ல ஆட்டம் ஒன்றை மட்டும் எடுத்து, அதிலிருந்தும் 2 குறைத்துத்தான் எண் தருகிறார்கள். அதாவது தான் அட்டை கொடுத்த மிக நல்ல ஆட்டத்தைவிடவும் நன்றாக ஆடினால்தான் அவர் ஹேண்டிகேப் அளவை எட்ட முடியும். முதல் போட்டியில், தெரியாதவர்கள் பார்த்திருக்க, அது யாருக்கு வாய்க்கும்? அந்த எண்ணை ஒருவர் கையில் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுப்பதுதானே முறை?

இன்னொன்றும் உண்டு. நண்பர்களோடு ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வேறு, போட்டி வேறு. நண்பர்கள் மத்தியில் முதல் அடி சரியில்லை என்றால் இன்னொரு பந்தை வைத்து அடிக்க விடுவார்கள். குழிக்கு மூன்றடி தூரத்தில் பந்து நின்றால், "எடுத்துக்கொள்ளுங்கள், விழுந்த மாதிரிதான்" என்று விட்டுக்கொடுப்பார்கள். அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் இவை எதுவும் கிடையாது. மூன்றடி தூரத்தில் நிற்கும் அந்தப் பந்தையும் தட்டித்தான் உள்ளே தள்ள வேண்டும். தொலைந்த பந்துக்குத் திரும்பி நடக்கத்தான் வேண்டும். இதனாலேயே முதல் போட்டியின் எண்ணிக்கை பழகிய எண்ணிக்கையைவிடக் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன அடிகளும் போட்டியன்று அட்டையில் ஏறிவிடுகின்றன, அவ்வளவுதான். திறமை ஒரே வாரத்தில் எங்கும் போய்விடவில்லை.

ஸ்டேபிள்ஃபோர்ட் முறை என்றேன். அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மரியாதை உண்டு. இங்கிலாந்தின் வாலசி கோல்ஃப் கிளப் கடலோரத்தில் இருக்கிறது. ஓயாத காற்றில் ஓரிரு குழிகளிலேயே ஆட்டம் கெட்டு, மனம் வெறுத்து அட்டையைக் கிழித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துத்தான் அவர் இந்த முறையை யோசித்தார். 1932-இல் அங்கே முதல் போட்டி நடந்தது. ஒவ்வொரு குழியிலும் ஹேண்டிகேப் சலுகையைக் கழித்த பிறகு பார் என்றால் 2 புள்ளி, ஓரடி கூடினால் 1, ஓரடி குறைந்தால் 3. இரண்டடியோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். அதற்குக் கீழே போக இடமே இல்லை. அந்த இளைஞரின் 30 சலுகையில் கடினமான ஏழாவது குழிக்கு இரண்டும் எட்டாவதுக்கு ஒன்றும் பங்கு; ஆகவே எட்டு அடித்தாலும் பதினொன்று அடித்தாலும் அவருக்கு ஏழாவது குழியில் பூஜ்யம்தான்; எட்டாவது குழியில் 3 புள்ளி. புதியவருக்காகவே ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து கையில் இருக்கும்போது, புதியவர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளையும் மொத்த அடிகளை எண்ணும் முறையிலேயே நடத்துவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படிப் பேசினால் மூத்த ஆட்டக்காரர்கள் உடனே சொல்வது, "பெரிய பெரிய ஆட்டக்காரர்களே தோற்றிருக்கிறார்கள், இது என்ன பிரமாதம்" என்று. இந்த ஆறுதல் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பெரியவர்கள் தோற்றார்கள் என்பதால் புதியவரின் வலி குறைவதில்லை. அவர்கள் தோற்ற பிறகு என்ன செய்தார்கள் என்பதைச் சொன்னாலாவது பயன் உண்டு. கடைசிவரை அமெச்சூராகவே ஆடிய அமெரிக்கர் பாபி ஜோன்ஸ், 1921-இல் 19 வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடும்போது, மூன்றாவது சுற்றின் பதினோராவது குழியில் மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டார். பிற்காலத்தில் அவர் வருந்தியது மோசமாக ஆடியதற்காக இல்லை, கைவிட்டதற்காக. 1927-இல் அதே மைதானத்தில் அதே போட்டியை வென்றார். 1958-இல் அந்த ஊர் மக்கள் அவருக்குத் தங்கள் நகரின் கௌரவக் குடியுரிமையையே கொடுத்தார்கள்.

நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றன்று, பார், போகி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட விடியற்காலையில் எழுந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். தூரம் அடிப்பதில் பிறரைவிடப் பின்தங்கி, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரைப் பிடித்த கையின் நிதானத்தாலேயே பதக்கத்தின் வாசல் வரை வந்தார். ஒரே ஓர் அடியில் பதக்கம் போனது, நான்காவது இடம். எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவர் அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுத்தார், ஆடிக்கொண்டே இருந்தார், 2023-இல் கென்யாவிலும் ஸ்பெயினிலும் பட்டம் வென்றார். அந்த நான்காவது இடம் பதிவில் இருக்கிறது. அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

பதிவு என்பதைத்தான் புதியவர்களிடம் நான் வற்புறுத்துகிறேன். காய்ச்சல் 104 காட்டுகிறது என்பதற்காக நோயாளியின் சார்ட்டைக் கிழித்துப் போடும் செவிலியரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. மோசமான அட்டையில்தான் தகவல் அதிகம். வீட்டுக்கு வந்து, ஒரு குளியல் போட்டு, காபி குடித்துவிட்டு அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். தண்டனை அடிகள் எத்தனை, மூன்று பட் ஆன கிரீன்கள் எத்தனை, மணல் பள்ளத்தில் வீணானவை எத்தனை என்று பென்சிலால் குறியுங்கள். அந்த இளைஞரின் 11-இல் அடிக்கத் தெரியாததால் வந்தவை குறைவு. பந்து தொலைந்ததால் வந்த இரண்டும், மூன்றாவது பட்டும், மணலில் போன ஒன்றும் சேர்ந்தே நான்கு. அடுத்த போட்டிக்குத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை விட்டு, நேராகப் போகும் சிறிய மட்டையால் தொடங்கினால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். ஹேண்டிகேப் கணக்குக்கும் அந்த 11 அப்படியே போகாது. அவருக்கு அந்தக் குழியில் உச்சவரம்பு 8. விதியே புதியவருக்குக் கை கொடுக்கிறது. அட்டையைக் கொடுத்தால்தான் அந்தக் கையைப் பிடிக்க முடியும்.

மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மோசமாக ஆடி முடித்து வியர்வையோடு நிற்கிறவரிடம் போய், "தோளைத் திருப்புவது சரியில்லை, பிடியை மாற்று" என்று பாடம் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எதுவும் உள்ளே இறங்காது. அவர் நன்றாக அடித்த ஓர் அடியை நினைவுபடுத்துங்கள், போதும்.

போட்டி நடத்துகிறவர்களிடம் கோபமாகவே ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆடிய ஒரு போட்டியின் பரிசளிப்பில், கடைசி இடம் பிடித்தவரை மேடைக்கு அழைத்து, அவருடைய மொத்த அடிகளை ஒலிபெருக்கியில் வாசித்து, மரக்கரண்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். கூடியிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டவர் ஒரு கல்லூரி மாணவி. அவளுக்கு அதுதான் முதல் போட்டி. சிரித்தபடிதான் வாங்கினாள். படி இறங்கும்போது அந்தக் கரண்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பல ஆண்டுகளாக ஆடும் நண்பர்கள் தங்களுக்குள் இதை வேடிக்கையாக வைத்துக்கொள்ளட்டும். ஒரு புதியவர் பெயரை இதற்காக ஒலிபெருக்கியில் அழைக்காதீர்கள். அந்த மரக்கரண்டிக்குச் செலவிடும் பணத்தில், ஹேண்டிகேப் என்றால் என்ன, 36 புள்ளி என்றால் என்ன என்று தமிழில் அரைப்பக்கம் அச்சிட்டு, போட்டியன்று காலையில் அட்டையோடு சேர்த்துக் கொடுக்கலாம். புதியவர் பிரிவை ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் தனியாக நடத்தலாம். எழுதுகோலும் அட்டையும் போதும், வேறு செலவு இல்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. உள்ளூர் கோல்ஃப் போட்டி முடிவுகளை வெளியிடும்போது கோப்பை வென்றவரின் பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். புதியவர் பிரிவின் முடிவுகளையும் புள்ளிகளோடு வெளியிடுங்கள். இடம் இருக்கும் நாளில், முதல்முறையாகப் பதினெட்டுக் குழிகளையும் முடித்து அட்டை கொடுத்தவர்களின் பெயர்களையும் சிறிய எழுத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவச் செவிலியர்,
குன்னூர்.