செஞ்சிக் கோட்டை வரலாற்று மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பொங்கல் விழாவும் பள்ளி மாணவர் பேச்சுப் போட்டியும் நன்றாக நடந்தேறின.

2025 ஜூலையில் மராட்டியர் கால 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது நம் செஞ்சி ஒன்றுதான். ஆயினும் வருகிறவர்கள் தேசிங்கு ராஜனைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட அந்த இளைஞனின் வீரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவனுக்கு முன்னும் பின்னும் நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய கோட்டை இது. அந்த முழு வரலாற்றையும் சொல்லும் சிறுநூலை எழுதி அச்சிட்டிருக்கிறேன். தேசிங்கு கதை மட்டும் இருந்தால்தான் விற்கும் என்று செயற்குழுவில் சிலர் வாதிட்டார்கள். நான் இணங்கவில்லை.

சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபின் 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை நீடித்தது. கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பிவிட்டார். கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியின் உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து ஆழ்பள்ளமாகக் கிடக்கிறது. குறுக்கே கிடக்கும் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே உள்ளவனை நெருங்க முடியாது. முகலாயத் தளபதிகளின் உட்பூசலும் முற்றுகையை நீட்டித்தது. ஔரங்கசீப்பின் மகனான இளவரசர் காம் பக்ஷையே அவர்கள் சிறைவைத்தார்கள். இரண்டையும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

நூலை வெளியிட்ட நாளில் ராஜகிரிக்கு நடைப்பயணம் வைத்தோம். மாணவர்கள் விடியுமுன்பே அடிவாரத்தில் நின்றார்கள். அழைப்பிதழில் தம் பெயர் வரவேண்டும் என்று வற்புறுத்திய உறுப்பினர்கள் பலர் வரவில்லை. வெயில், முகூர்த்த நாள் என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மோர் வாங்கக்கூட ஆசிரியர்கள்தான் பணம் கொடுத்தார்கள். இதைப் பதிவு செய்வது என் கடமை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. அச்சகத்துக்கு மட்டும் பாக்கி நிற்கிறது. சந்தாவை மூன்றாண்டுகளாகச் செலுத்தாதவர்கள் செலுத்தினாலே அது தீர்ந்துவிடும்.

தலைவர், பொருளாளர், ஆசிரியர்கள், மண்டபம் தந்தவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கோட்டையின் குளங்கள், சுனைகள் பற்றி இரண்டாவது நூல் எழுதக் குறிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய பாக்கியோடு அச்சகப் படியேற எனக்கு மனமில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்றால், இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

செயலாளர்